பதினொரு ‘முடியும்’

குடிநீர் வாரியத்தின் புகார்த் தொலைபேசியில் பதினாறு வருடமாகக் கேட்கும் குரல் அவளுடையது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எகிறிக் குதிப்பவர்களைக்கூட “ஒரு நிமிஷம் இணைப்பில இருங்க” என்று சொல்லி அடக்கிவிடுவாள். அறுபதாவது விநாடியில் திரும்பியும் வந்துவிடுவாள். அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கறாரக்கா.

காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசும் வேலைக்குக் கை அதிகம் வேண்டாம். அவள் கைகால்கள் பிறந்ததிலிருந்தே சொல்பேச்சு கேட்காதவை. இடது கையை ஒரு பக்கம் அனுப்பினால் வலது கை வேறு பக்கம் கிளம்பும். சக்கர நாற்காலிதான் கால். “உனக்கு வாய் ஒண்ணுதான் சரியா வேலை செய்யுது, அதுக்கும் பூட்டு இல்ல” என்பான் கூடவே இருக்கும் தம்பி.

எட்டு மணிக்கு வேலை. சமூக நலத்துறை அனுப்பும் உதவியாளப் பெண் ஐந்தரைக்கு வந்து, குளிக்க வைத்து, உடுத்திவிட்டு, கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் ஷூவை மாட்டிவிட்டுப் போவாள். அந்த ஷூ இல்லாவிட்டால் பாதம் நாற்காலியின் படியில் நிற்காது. ஏழே காலுக்கு அவள் பேருந்து நிறுத்தத்தில் இருப்பாள்.

இரண்டு மாதம் முன்பு, யாருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று கணக்கிடும் புதிய படிவத்தோடு ஓர் அதிகாரி வந்தார். வருகிறார் என்று தெரிந்ததும் தம்பி வீட்டைத் துடைத்தான். அவள் இருப்பதிலேயே நல்ல நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

“தானாகச் சட்டை அணிய முடியுமா?”

“முடியும்.”

“தானாக ஷூ அணிய முடியுமா?”

“முடியும்.”

பதினொரு கேள்வி, பதினொரு ‘முடியும்’. ஒன்றும் பொய்யில்லை. உதவிக்கு ஆள் கிடைக்காத வருடங்களில் எல்லாவற்றையும் அவளே வியர்த்து விறுவிறுத்துச் செய்திருக்கிறாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. “ரொம்ப நல்லா இருக்கீங்க மேடம்” என்று மகிழ்ந்து போனார்.

பிறகு கடிதம் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து காலை உதவி ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் அரை மணி நேரம். எட்டு மணி வேலைக்கு ஆபத்து.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “ஒரு ரெண்டு கேள்விக்காவது கையை விரிச்சிருக்கக் கூடாதாக்கா? மூஞ்சியக் கொஞ்சம் தொங்கப் போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?”

“முடியறத ஏன்டா முடியாதுங்கணும்? கேள்விதான் தப்பு. அதுக்காக நான் பதில மாத்த மாட்டேன்.”

அன்றே தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். இணைப்பில் இருக்கச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் இருந்தாள். பிறரைக் காக்க வைத்துப் பிழைப்பவளுக்குக் காத்திருக்கவா தெரியாது?

உறுப்பினர் முன்பு பேருந்து ஓட்டியவர். ஊருக்கு இன்னமும் ஓட்டுநரம்மாதான். மாற்றுத்திறனாளிகளின் வீட்டு உதவிக்கான சட்ட வரைவு அப்போது சட்டமன்றக் குழு ஒன்றின் பரிசீலனையில் இருந்தது. அவரும் அதில் ஓர் உறுப்பினர். இந்தப் படிவம் வரைவின் இணைப்பாகச் சேர்ந்திருந்தது. நிறைவேறினால் எல்லோருக்கும் இதே பதினொரு கேள்விதான்.

உதவியாளப் பெண்ணுக்கு விடுமுறையான ஒரு நாள் காலை ஓட்டுநரம்மா வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, அவள் ஷூ மாட்டுவதைப் பார்த்தார். ஒரு முறை அவர் கை தானாக நீண்டது. உடனே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“ஒரு காலுக்கு இருபத்தாறு நிமிஷம்,” என்றார் கைக்கடிகாரத்தைப் பார்த்து. “குழு முன்னாடி வந்து இதச் சொல்றீங்களா? சாட்சிக்கு அஞ்சு நிமிஷம்தான் குடுப்பாங்க. ஆனா உறுப்பினர் கேட்ட கேள்விக்குப் பதில் முடியற வரைக்கும் நிறுத்தச் சொல்ல முடியாது. விதி இருக்கு.”

“அப்ப நீங்க கேளுங்க மேடம். நான் பதில் சொல்றேன்.”

போகும் நாளன்று தம்பி வாசல் வரை கெஞ்சினான். “அங்கயாவது கொஞ்சம் பாவமா இரேன்க்கா.”

“அதுக்கு வேற ஆளப் பாரு.”

நீளமான மேசை, ஒன்பது உறுப்பினர்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். குழுத் தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கனிவாக, “உங்க கஷ்டத்தச் சொல்லுங்கம்மா” என்றார்.

“கஷ்டம் சொல்ல வரல சார். கேள்விக்குப் பதில் சொல்ல வந்தேன்.”

ஓட்டுநரம்மா படிவத்தை எடுத்தார். “ஏழாவது கேள்வி. தானாக ஷூ அணிய முடியுமா?”

“முடியும்” என்று மடியில் கழற்றி வைத்திருந்த ஷூக்களில் ஒன்றைக் கீழே இறக்கினாள்.

ஐந்தாவது நிமிடம் எழுத்தர் மணியடித்தார். “சாட்சி பதில் சொல்லிட்டிருக்காங்க” என்றார் ஓட்டுநரம்மா. ஒன்பதாவது நிமிடம் ஷூ நழுவி உருண்டது. ஓர் உறுப்பினர் பதறி எழுந்தார்.

“உக்காருங்க சார். அது என் ஷூ.”

பதினான்காவது நிமிடம் தலைவர் நெளிந்தார். “புரிஞ்சிடுச்சும்மா. போதும்.”

“கொஞ்சம் இணைப்பில இருங்க சார்.”

யாரோ சிரித்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்கள். அதன் பிறகு ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை. நாற்காலியின் கிறீச்சும் அவள் மூச்சும் ஒலிவாங்கியில் பெரிதாகக் கேட்டன. வியர்வை கழுத்தில் இறங்கி நீலச் சட்டையை நனைத்தது. சுவர்க் கடிகாரத்தின்படி இருபத்தெட்டாவது நிமிடம் முடிச்சு இறுகியது. நிமிர்ந்தாள்.

தலைவர் பெருமூச்சு விட்டுக் காகிதத்தைப் புரட்டினார். “நன்றிம்மா. நீங்க இனி...”

“இன்னொரு கால் இருக்கு சார்.”

தலைவரின் கை காகிதத்திலேயே நின்றது. ஓட்டுநரம்மா எழுந்தார். “ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலயும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எழுத இடம் வேணும். அது வர்ற வரைக்கும் உதவியக் குறைச்ச கடிதங்கள நிறுத்தி வைக்கணும். இதான் என் திருத்தம். ரெண்டாவது கால் முடிஞ்சதும் பேசலாமா, இப்பவே எடுத்துக்கலாமா?”

“இப்பவே,” என்றார் தலைவர், கொஞ்சம் அவசரமாக.

“தாராளமா எடுத்துக்குங்க,” என்றாள் அவள். குனிந்து அடுத்த ஷூவைப் பிடித்தாள்.

கைகள் உயர்ந்தன. எழுத்தர் எண்ணினார். ஏழு. திருத்தம் நிறைவேறியது, நீங்கள் கிளம்பலாம் என்று மெல்ல வந்து சொன்னார். வேண்டுமானால் அந்த ஷூவைத் தானே மாட்டிவிடுவதாகவும் சொன்னார்.

“வேண்டாம்ப்பா. பதில் இன்னும் முடியல.”

கை தூக்காத இருவரும் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலை நிமிரும் வரை பார்த்துவிட்டு, கயிற்றை முதல் துளையில் நுழைத்தாள்.