அண்டார்டிகா போக உத்தரவு

வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் நேராகச் சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன். ஒன்றிரண்டு பாத்திரம் பறந்திருக்கும். அத்தோடு முடிந்திருக்கும். அவர் சொல்லவே இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அண்டார்டிகாவில் இருக்கும் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையத்தில், அங்கே கோடையாக இருக்கும் நாலு மாதத்துக்கு ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்தேன். டெல்லியில் உடல் பரிசோதனை, இமயமலையில் பனியில் நடக்கப் பயிற்சி, எல்லாவற்றிலும் தேறினேன். சேதி வந்த அன்று என்னைவிட அதிகமாகக் குதித்தவர் அவர்தான். பேக்கரிக்கு டீ குடிக்கப் போனால்கூட, முன்பின் தெரியாதவரிடம், “எங்கூட்டு அம்மணி அண்டார்டிகா போறாங்கோ” என்று ஆரம்பித்துவிடுவார். வாட்ஸப்பில் தன் படத்தை எடுத்துவிட்டுப் பென்குயின் படத்தை வைத்துக்கொண்டார். இப்படி ஒரு மனுஷன் யாருக்குடி கிடைப்பான் என்று என் தோழிகள் கண் வைத்தார்கள். எனக்கும் கர்வம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, “குலதெய்வத்துகிட்ட ஒருக்காப் பூக் கேட்டுப்போடலாம் கண்ணு. அம்மாவுக்கும் மனசு ஆறும்” என்றார். எங்கள் பக்கம் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எதற்கும் பூக் கேட்பது உண்டு. வெள்ளை அரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் மடித்துக் கட்டிச் சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. நான் எதையும் மீட்டர் வைத்து அளந்து பார்க்கிறவள்தான். ஆனால் எங்கள் கல்யாணமே அந்தச் சாமி வெள்ளைப் பூக் கொடுத்துத்தான் நடந்தது. சரி என்றேன்.

சத்தியமங்கலம் போகிற வழியில் கோயில். வேன் நிறைய உறவுக்காரர்கள். கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலங்களை என் வீட்டுக்காரரே கட்டிக்கொண்டு வந்தார். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, “நீங்களே எடுங்க அம்மணி” என்றார். எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, “போனாப் போகுது உடு கண்ணு” என்று அழுதார். நானும் அழுதேன். டெல்லிக்கு எப்படிச் சொல்வது என்று மனசு அப்போதே வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் பொங்கல் சாப்பிடப் போனார்கள். இன்னொரு பொட்டலம் தேங்காய்த் தட்டில் கிடந்தது. என் கைக்கு வராமல் போன வெள்ளைப் பூவை ஒரு தடவையாவது பார்த்துவிடலாமே என்று பிரித்தேன். அதிலும் செவ்வரளி.

என் வீட்டுக்காரர் வேனுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார்.

“ஏனுங்க, இது என்னங்க?” என்றேன். அவ்வளவு ஆத்திரத்திலும் அந்தப் பாழாய்ப்போன ‘ங்க’ வாயை விட்டுப் போகவில்லை.

பூவைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. “உன்னையப் போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல கண்ணு. எல்லார்த்துகிட்டயும் அத்தனை பெருமையாச் சொல்லிப்போட்டேன்.”

“அதுக்குச் சாமிய இழுப்பீங்களா?”

“அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். சாமி முன்னால பொய் பண்ணீட்டேன்னு தெரிஞ்சா உசுரையே உட்டுருவாங்க.”

அத்தைக்காக வாயை மூடிக்கொண்டேன். அந்த வீட்டில் என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தவர் அத்தை ஒருவர்தான். ஆனால் பயணத்தை விடவில்லை. போகத்தான் போகிறேன் என்று அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

சாமி வாக்கைத் தட்டினவள் என்று பெயர் வந்தது. அவருடைய பெரியப்பா, “படிச்ச திமிரு” என்றார். சித்தி என்னோடு பேச்சை நிறுத்தினார். என் வீட்டுக்காரரோ இதிலும் ஒரு மாலை வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நிற்கும்போதே பேக்கரிக்காரரிடம், “சாமியே வேண்டாம்னுச்சுங்க. நாந்தான், ஆசப்படறா, போய்ட்டு வரட்டும்னு உட்டுட்டேன்” என்றார். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

கிளம்புகிற அன்று விமான நிலையத்துக்கு அதே கூட்டம் வந்தது. அவர் என் பெட்டிகளோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி அழுதார். “சாமி வேண்டாம்னு சொல்லியும் போற. ஊட்டுல ஆருக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கோணும்.”

இந்தப் பயத்தோடு நாலு மாதம் அத்தை எப்படித் தூங்குவார் என்று நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. அவரை ஓரமாக அழைத்துப்போய்க் காதோடு சொன்னேன். “சாமி வேண்டாம்னு சொல்லலீங்க அத்தை. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தானுங்க இருந்துச்சு. நீங்க பயப்படாதீங்க.”

அத்தை அதிரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

“தெரியுங் கண்ணு. பூப் பறிச்சுக் குடுத்ததே நாந்தான்” என்றார். “நீ போறதுன்னு ஆயிப்போச்சு. இனி எதுக்கு அவன் பேரைக் கெடுக்கற?”

இவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் நான் அத்தனை பேர் ஏச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அத்தை உறவுக்காரர்கள் நின்ற பக்கம் திரும்பி நடந்தார். அவர்கள் அருகில் போனதும், விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ ஆரம்பித்தார்.