கெண்டியும் ஆறு மீட்டர் கோடும்

இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லாத அந்தப் பெண்ணிடம் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "தீயில போச்சாக்கா?"

"தீ பாவம்பா. இது எங்க அண்ணன் கைவரிசை," என்பாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கேட்டவர் திருதிருவென்று விழிப்பார்.

காட்டுத்தீ தடுப்புக் குழுவில் அவளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். அங்கே அவள் பேர் கெண்டி. கெண்டிச் செம்பு போல நீண்ட மூக்கு வைத்த தகர டப்பா ஒன்று எப்போதும் அவள் இடது கையில் தொங்கும். அவள் இடதுகைக்காரி. டப்பாவுக்குள் டீசலும் பெட்ரோலும் கலந்திருக்கும், மூக்கு நுனியில் திரி எரியும், கவிழ்த்தால் நெருப்பு சொட்டும். தீயணைக்கிற வேலையில் தீ வைக்கிற சாமான் எதற்கு என்று கல்யாணமான புதிதில் கணவர் கேட்டார்.

"உங்கம்மா கத்த ஆரம்பிச்சா நீங்க என்ன பண்றீங்க? அவங்களுக்கு முந்தி நீங்க கத்திடுறீங்கல்ல? அதேதான் இது."

பெருந்தீ வந்து சேர்வதற்குள் அதன் வழியில் கிடக்கும் புல்லையும் சருகையும் நாமே எரித்துவிட்டால், வருகிற தீ தின்ன ஒன்றுமில்லாமல் படுத்துவிடும். எதிர்த்தீ என்பார்கள். காற்றைப் பார்த்து, நேரம் பார்த்து, கை நடுங்காமல் வைக்க வேண்டும். அவளுக்குக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

வேறொரு இடத்தில்தான் நடுங்கியிருந்தது. அது பேப்பரில் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

காட்டுக்கும் கீழே இருக்கும் குடியிருப்புக்கும் நடுவில், மலைச்சரிவை வகிடு எடுத்தாற்போல் ஒரு வெறுந்தரை ஓடும். அதுதான் தீத்தடுப்புக் கோடு. அகலம் ஆறு மீட்டர். அதில் ஒரு புல் இருக்கக் கூடாது. வருடா வருடம் கோடைக்கு முன் டேப் பிடித்து அளந்து ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. கோட்டின் கீழ் ஓரத்தில் அவள் அண்ணனின் ஆரஞ்சுத் தோட்டம். தொழிற்சாலையை மூடியபின் வேலை இல்லாமல் வந்து, கல்லும் முள்ளுமாய்க் கிடந்த இடத்தைக் கொத்தி உண்டாக்கியது.

"ரெண்டே ரெண்டு வரிசை கோட்டுக்குள்ள தள்ளி வெச்சுக்கறேன் பாப்பா. பசுமரம்தானே, எங்க எரியப் போவுது?" என்றான். அவளுக்கு வயது ஐம்பதை நெருங்கினாலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அப்பா போனபின் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பியவன் அவன். வாயைத் திறந்து சரி என்று அவள் சொல்லவில்லை. 'ஆறு மீட்டர், சரி' என்று ரெஜிஸ்டரில் எழுதினாள். பதினோரு கோடை அப்படியே எழுதினாள்.

மழை பொய்த்த மூன்றாவது வருடம், காலை பதினோரு மணிக்கு உச்சியில் தீ பிடித்தது. காற்று மேலிருந்து கீழே அடித்தது. கெண்டி தலைமையில் குழு கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது மேலே மரங்கள் வெடிக்கும் சத்தம் துப்பாக்கிச் சண்டை போலக் கேட்டது. பன்றிகள் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடின. முதுகு பற்றிய முயல் ஒன்று புதருக்குள்ளிருந்து பாய்ந்து கோட்டை நோக்கி வந்தது. எரிகிற முயல் கோட்டைத் தாண்டினால் தீயும் தாண்டும். மண்வெட்டியின் பின்பக்கத்தால் கெண்டி ஒரே போடு போட்டாள். மேலே மண்ணை வாரிக் கொட்டி மிதித்தாள். துள்ளல் நிற்கும்வரை காலை எடுக்கவில்லை.

அண்ணன் தோட்டம் இருந்த இடத்துக்கு வந்தபோதுதான் குழுவின் வண்டி டிரைவர் நின்றார். "அக்கா, என்னக்கா இது? கோட்டைக் காணோம்."

பசுமரம் என்று அண்ணன் சொன்ன மரங்கள் காய்ந்து இலை சுருண்டிருந்தன. ஈரம் நிற்கட்டும் என்று அடியில் முழங்கால் உயரம் வைக்கோல் பரப்பியிருந்தான். கோட்டின் அகலம் அங்கே இரண்டு எட்டு. கீழே நாற்பத்து மூன்று வீடுகள். நடக்க முடியாதவர்களை எல்லாம் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள்.

"இங்க நிக்காது. இறங்கு," என்றாள் கெண்டி. "தோட்டத்துக்குக் கீழ வண்டிப்பாதை இருக்கு. அங்கருந்து மேல்நோக்கி வெப்போம்."

"நடுவுல தோட்டம்?"

"போவட்டும்."

காற்றுப் பார்க்க இடுப்பில் செருகியிருந்த சின்ன டப்பியிலிருந்து ஒரு சிட்டிகை சாம்பலைத் தூவினாள். சாம்பல் மேல்நோக்கிப் போனது. பெருந்தீ காற்றை உள்ளே இழுக்க ஆரம்பித்துவிட்டது. அது வந்து சேர இருபது நிமிடம்தான். பாதையின் இரு முனையிலிருந்தும் ஆட்கள் தீ வைத்துக்கொண்டே வந்தார்கள். தோட்டத்தின் முகப்பு நாற்பதடி மட்டும் பாக்கி. அதைத் தானே வைப்பதாகச் சொல்லிவிட்டிருந்தாள்.

அண்ணன் வேலியைத் தாண்டிக் குதித்தான். கையில் கவாத்து வெட்டும் அரிவாள்.

"யார் வீட்டு சொத்துடி இது?"

"அண்ணே, தள்ளு. பேச நேரமில்ல."

"நீதானேடி அளந்த? ஆறு மீட்டர்னு நீதானே எழுதின?"

டிரைவர் குறுக்கே போனார். அண்ணன் அவர் வயிற்றில் உதைத்தான். விழுந்தவரின் முகத்தில் இன்னொரு உதை விட்டான். பல் ஒன்று புழுதியில் தெறித்தது.

"எழுதினேன். தப்பு என்னுது. அதனாலதான் நானே வெக்கறேன்," என்று கெண்டி டப்பாவோடு கையை நீட்டினாள்.

அரிவாள் இறங்கியது. அவன் டப்பாவைத்தான் குறி வைத்தானாம், பிறகு சொன்னான். இரண்டு விரல் தனியாக விழுந்தது. டப்பா உருண்டு, நெருப்பைக் கக்கிக்கொண்டே வைக்கோலுக்குள் போனது. மூச்சு விடுகிற நேரத்தில் முகப்பு முழுவதும் பற்றியது.

அண்ணன் அரிவாளோடு உள்ளே ஓடினான். செருப்புக் காலால் தீயை மிதித்தான். ஒன்றை மிதிக்க ஒன்பது எழுந்தது. அந்நேரம் மேலே பெருந்தீ குறுகிய கோட்டை ஒரே தாவலில் தாண்டித் தோட்டத்துக்குள் விழுந்தது. ஆரஞ்சுகள் கொதித்துப் படார் படாரென்று வெடித்தன. இரண்டு தீக்கும் நடுவில் அவன்.

கெண்டி தலைத்துணியைக் கையில் சுற்றிப் பல்லால் இறுக்கினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"வா அண்ணே!"

"கிட்ட வந்த, வெட்டிப்போட்டுருவேன்! நான் இங்கயே சாவறேன்!"

மறுபடியும் அரிவாளை ஓங்கினான். முயலுக்கு எடுத்த அதே வீச்சுதான். மண்வெட்டியின் பின்பக்கம் அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் தீயின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. சுருண்டவனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைக் கடித்தான். விடவில்லை. வாயில் ரத்தம் ஒழுக டிரைவர் தவழ்ந்து வந்து இன்னொரு பக்கம் பிடித்தார். மூவரும் பாதையில் விழுந்தபோது அவள் புருவம் இரண்டும் கருகிப் போயிருந்தன. முதுகுக்குப் பின்னால் இரண்டு தீயும் முட்டிக்கொண்டு பனை உயரம் எழுந்து, தின்ன ஏதுமில்லாமல் அமுங்கின.

நாற்பத்து மூன்று வீட்டில் ஒரு கூரைகூடக் கருகவில்லை. தோட்டத்தில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு அதே கையால் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி எரிந்த அடிக்கட்டைகளை வைத்து அளந்தார். இரண்டு மீட்டர் பத்து. ரெஜிஸ்டரைப் புரட்டினார். "அளவுக்கல்லை யாராவது நகர்த்தியிருக்கலாம் இல்லையாம்மா?" என்றார். நல்ல மனுஷன், அவள் தப்பிக்க ஏணி போட்டுக் கொடுத்துப் பார்த்தார்.

"யாரும் நகத்தல சார். தெரிஞ்சேதான் எழுதினேன்."

"அரிவாள் வெட்டு? கீழே விழுந்ததுல பட்டதா?"

அறையின் மூலையில், கட்டுப் போட்ட காலை நீட்டி அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"வெட்டினது எங்க அண்ணன். பதினோரு பொய் எழுதியாச்சு சார். பன்னெண்டாவது எழுத விரல் இல்ல."

குழுத் தலைவி பொறுப்பு போனது. அண்ணனுக்கு எட்டு மாதம் சிறை. அந்த எட்டு மாதமும் அண்ணி அவள் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டதை யாரும் கேட்டதில்லை. பாத்திரங்கள் மட்டும் பேசின, சத்தமாக.

அடுத்த கோடைக்கு முன் கோடு அளக்கும் நாள் வந்தது. புதுத் தலைவர் முன்னாள் டிரைவர்தான், ஒரு பல் கட்டியிருந்தார். சாதாரணக் காவலாளியாக அவளை டேப் பிடிக்க அனுப்பினார். தோட்டம் இருந்த இடத்தில் சட்டை நனைய ஒருவன் கோடரியால் அடிக்கட்டைகளைப் பிளந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு போடும் யாரையோ கொல்லுகிற மாதிரி விழுந்தது. கோட்டுக்குள் இருந்த இரண்டு வரிசையும் வேரோடு வெளியே கிடந்தது.

அவள் நின்றாள். அவன் கோடரியைக் கீழே போடாமலே காலை இழுத்துக்கொண்டு வந்தான். அவள் நகரவில்லை. அவன் குனிந்து டேப்பின் மறுமுனையை எடுத்து, வேலிக்கல்லில் அழுத்திப் பிடித்தான்.

"எத்தன?"

"ஆறு."

"ஒழுங்காப் பார்த்துச் சொல்லு. நீ அளக்கற லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே."

அவள் மூன்று விரலால் டேப்பை இறுக்கி இழுத்து மறுபடி பார்த்தாள்.

"அஞ்சே முக்கால்."

அவன் எச்சிலைத் துப்பிவிட்டு, கோடரியைத் தூக்கிக்கொண்டு வேலிக்கல்லை ஒட்டி நின்ற அடுத்த கட்டையிடம் போனான்.