ஜெபசுதா கேட்ட துணை ஆள்

பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கணிதத்துக்கு இடம் கிடைத்தபோது முத்தையாபுரம் ஜெபசுதாவுக்கு இருபத்தொரு வயது. தசைச் சிதைவு நோயால் பன்னிரண்டு வயதிலேயே நடை நின்றுபோயிருந்தது. மற்றபடி எழுதுவாள், கணினியில் தட்டுவாள், மின்சார சக்கர நாற்காலியைத் தானே ஓட்டுவாள். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் மாற மட்டும் இன்னொருவர் வேண்டும். அதுவரை அந்த இன்னொருவர் அம்மா ஜெயபாய்தான். இளங்கலை படித்த மூன்று வருடமும் பள்ளிச் சத்துணவுச் சமையலை முடித்த கையோடு பக்கத்துக் கல்லூரிக்கு ஓடி வருவாள்.

பல்கலைக்கழகமோ ஒன்றரை மணி நேரப் பயணம். விடுதியில்தான் தங்க வேண்டும்.

"வேலைய விட்டுட்டு நான் வாரேன்ளா" என்றாள் ஜெயபாய்.

"வேண்டாம்மா. ஒரு ஆள் வச்சுக்கிடுதேன்."

"என்னைவிட நல்லா எவ பாத்துருவா?"

"யாரும் பாக்க மாட்டாவ. ஆனா உன் முதுகு எத்தனை வருசம் தாங்கும்?"

ஜெயபாய் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே சபை வாட்ஸ்அப் குழுவில் ஆள் தேடிச் செய்தி போட்டாள்.

மூன்று பெண்கள் வந்தார்கள். முதலாமவர் ஜெபசுதாவின் தலையில் கை வைத்து, டீ ஆறிப்போகும்வரை சுகத்துக்காக ஜெபித்துவிட்டுப் போனார். இரண்டாமவர், ஜெபசுதா எதிரே உட்கார்ந்திருக்க, "பாப்பா என்ன சாப்பிடும்?" என்று அம்மாவிடம் கேட்டார். மூன்றாவதாக வந்தவள் செல்லக்கிளி. இறால் கம்பெனியில் தோல் உரித்து விரலெல்லாம் கீறல். நாற்காலி அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எங்கன புடிச்சுத் தூக்கணும்? எங்கன புடிச்சா வலிக்கும்? நீயே சொல்லும்மா."

இருபது நாள் பழகினார்கள். எந்தக் கை முதுகுக்கு, எந்தக் கை முழங்காலுக்கு என்பதெல்லாம் செல்லக்கிளிக்குப் பிடிபட்டுவிட்டது. ஆள் தயார். விடுதியில் இடம்தான் இல்லை.

விண்ணப்பப் படிவத்தில் ஊனத்தின் வகை, சதவீதம், சான்றிதழ் எண் எல்லாம் கேட்டிருந்தார்கள். என்ன உதவி வேண்டும் என்று கேட்க ஒரு வரிகூட இல்லை. ஜெபசுதா தானே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். விடுதிக்குப் பொறுப்பான அதிகாரி அதைப் புரட்டக்கூட இல்லை.

"வெளியாள் ஹாஸ்டல்ல தங்க ரூல்ஸ் இல்லம்மா. உங்க அம்மா வேணும்னா வந்து இருக்கட்டும்."

"அம்மாவும் இங்க படிக்கலையே சார். அவங்களும் வெளியாள்தான?"

"பெத்தவங்க வேற. அவங்க செய்யுதது சேவை."

"சம்பளம் வாங்கிட்டுச் செஞ்சா வெளியாள், வேலைய விட்டுட்டுச் சும்மா செஞ்சா அம்மா. அப்படியா சார்?"

அவர் அதைக் கமிட்டியில் வைப்பதாகச் சொல்லி, அதுவரை வகுப்புக்கு மட்டும் வந்து போகச் சொன்னார்.

வந்து போனாள். பெரியப்பா மகன் சத்தியராஜ் தன் வேனில் காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொள்வான். பெண்கள் கழிப்பறைக்குத் தூக்கிப்போக ஆண்பிள்ளை அவனால் ஆகாது. வளாகத்துக்குள் செல்லக்கிளிக்கு அனுமதிச் சீட்டு தர மறுத்துவிட்டார்கள். அதனால் காலை ஆறு மணி முதல் வீடு திரும்பும்வரை ஜெபசுதா ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. அந்தக் கடற்கரை வெக்கையில், ஜூலை மாதத்தில், எட்டு நாள். வகுப்பில் யாருக்கும் இது தெரியாது. ஒன்பதாம் நாள் பாடத்துக்கு நடுவே குளிரெடுத்து நடுங்கினாள். சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஜெயபாய் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வெடித்துவிட்டாள்.

"தண்ணி குடிக்கதுக்கும் கமிட்டி கூடணுமால?" என்று சத்தியராஜைப் பிடித்துக் கேட்டாள். பாவம், அவன் என்ன செய்வான்?

காய்ச்சல் விட்டதும் ஜெபசுதா அதே அலுவலகத்துக்குப் போனாள். இந்த முறை செல்லக்கிளி கூடவே போனாள். வாசலில் காவலாளி சீட்டு கேட்டதற்கு, "நான் போகாம இவளை நீரா தூக்குவீரு?" என்றாள். அவர் விலகிக்கொண்டார்.

ஜெபசுதா மருத்துவச் சான்றை மேசைமேல் வைத்தாள்.

"துணை ஆளுக்கு அனுமதி கிடையாதுன்னா, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க சார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைப் பத்தி என்ன சொல்லுதுன்னு நான் மேல கேட்டுக்கிடுதேன்."

வாயால் எத்தனையோ முறை மறுத்தவர், எழுத மாட்டேன் என்றார். எழுதாமல் போக மாட்டேன் என்று இவள் அங்கேயே இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தும் நாற்காலி நகரவில்லை. மாலையில் பதிவாளரே கூப்பிட்டுக் கேட்டார். நான்காம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது. தரைத்தளத்தில் அறை, இரண்டு கட்டில், இருவருக்கும் சாப்பாடு.

கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் ஜெபசுதாவுக்கு முகம் சிவந்தது. "மனிதாபிமான அடிப்படையில், இந்த ஒரு கல்வியாண்டுக்கு மட்டும்."

"கெடச்சதுல்லா, விடேன்" என்றாள் ஜெயபாய்.

"மத்த பிள்ளைகளுக்கு ரூம் குடுக்கும்போது மனிதாபிமானம்னு எழுதுதாவளாம்மா?"

அறையில் குடியேறிய அன்றே, அந்த வார்த்தையை நீக்கி, படிப்பு முடியும்வரை என்று திருத்தித் தரச் சொல்லி மனு எழுதினாள். பதில் இல்லை. நினைவூட்டி இரண்டு கடிதம் போட்டாகிவிட்டது. இப்போது இரண்டாம் பருவம் நடக்கிறது. முதல் பருவத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். பல்கலைக்கழகம் அவள் படத்தைத் தன் இணையதளத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். மூன்றாவது கடிதத்தில் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.