தலை ஒட்டும் நாள்

பல்செட்டுக்காரருக்கு ஒரே ஒரு ஆசைதான். டாங்கியின் தலையை ஒட்டுவதற்குள் மனைவி ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஊரில் பாதிப் பேர் வாயில் இருப்பது அவருடைய கைவேலை. பகலெல்லாம் பல் மருத்துவருக்குப் பல்செட் செய்வார். சாயங்காலம் வந்ததும் சாப்பாட்டு மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டு பொம்மை ராணுவ டாங்கி செய்வார். அசலில் பதினாறில் ஒரு பங்கு. கடைப் பெட்டியில் வந்தது வெளிக்கூடும், பீரங்கியோடு சுழலும் மேல்பாகமும்தான். அந்த மேல்பாகத்தை அவர் 'தலை' என்பார். உள்ளே வெறும் காலி. வேறு யாராயிருந்தாலும் தலையைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, செப்புக் கம்பியை வளைத்து, இன்ஜின், கியர், குண்டு அடுக்கும் தட்டு, ஐந்து பேருக்கு ஐந்து இருக்கை என்று இரண்டு வருஷம் உள்ளேயே குடித்தனம் நடத்தினார். தரையில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு ஆணி. ஒவ்வொன்றும் கடுகில் பாதி.

மனைவி பார்க்காததற்கும் காரணம் உண்டு. ஆரம்பத்திலேயே, இன்ஜினுக்கு மேலே போட வலை கிடைக்காமல், அன்றுதான் வாங்கி வந்த டீ வடிகட்டியை மனுஷன் வெட்டிவிட்டார்.

"அந்தச் சனியன இனிமே திரும்பிக்கூட பாக்க மாட்டேன்," என்றார் மனைவி. சொன்னால் சொன்னதுதான். மேஜையின் மறுபாதியில் முதுகைக் காட்டியே இரண்டு வருஷமும் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இந்த மாதிரிப் பொம்மை வண்டிகளுக்குக் கண்காட்சி, போட்டி. ஒட்டாத பாகம் இருந்தால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். ஒட்டிவிட்டாலோ உள்ளே இருட்டுதான். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர் ஒருவரும் தப்பவில்லை. தண்ணீர் கேன்காரர் தோளில் கேனோடு குனிந்து பார்த்தார். மச்சான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஏசி உண்டா மாமா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை பல்செட்டுக்காரர் சுவரிடம் சொன்னார்: "இன்னிக்கு ஒட்டிட்டா அவ்ளோதான். அப்புறம் கடவுளே வந்தாலும் பாக்க முடியாது."

"கடவுளுக்கு வேற வேல இல்ல பாருங்க," என்றது முதுகு.

பல்செட்டுக்காரர் வேறு வழியில்லாமல் பசையைத் திறந்தார். ஊருக்கே பல் கட்டிய கை, மூடியை நழுவவிட்டது. மூடி உருண்டு மனைவியின் காலடியில் போய் நின்றது. எடுத்துக் கொடுக்கத் திரும்பியவர் அந்தக் கையைப் பார்த்தார். மேஜையிலிருந்த டார்ச்சை எடுத்துக் குனிந்தார்.

காணாமல் போன கம்மலைத் தேடுவதுபோல் வெகுநேரம் பார்த்தார்.

"எத்தன பேரு உள்ள?"

"அஞ்சு பேரு."

"போனா எப்ப வெளிய வருவாங்க?"

"சண்டைன்னா ரெண்டு நாள்கூட ஆகும்."

"சாப்பாடு எங்க வச்சிருக்கீங்க?"

பல்செட்டுக்காரர் குண்டுத் தட்டைப் பார்த்தார். குண்டு எத்தனை என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூட எண்பத்தேழு என்று சொல்லியிருப்பார்.

"குண்டையா திம்பாங்க? அந்த இடுக்கிய இப்படிக் குடுங்க."

தலைவலி மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளை மடித்து மனைவியே டப்பா செய்தார். முதல் மூன்று நசுங்கின. ஓட்டுகிறவன் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறான் பாவம் என்று அவனுக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகச் செய்தார். ஐந்தையும் வைத்த பிறகு, தலையை இருவருமாகப் பிடித்து ஒட்டினார்கள்.

மறுநாள் நடுவர் டாங்கியைச் சுற்றி வந்தார். சக்கரச் சங்கிலியில் சேறு அதிகம் என்று எழுதிக்கொண்டு நகர்ந்தார். பரிசு இல்லை. மனைவி விடவில்லை, பின்னாலேயே போனார்.

"உள்ள பாத்தீங்களா சார்?"

"மூடியிருக்கேம்மா."

"ரெண்டு வருஷ வேல சார். எட்டிக்கூட பாக்காம போறதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வருது?"

பக்கத்தில் நின்ற பல்செட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டார்.