நைனா பாய் மறக்கவில்லை

நெஞ்சுக்குள் அமர்ந்து பொய்யையும் மெய்யையும் ஒருசேரக் காண்பவனே, நாவை எனக்கு ஈந்தவனே, சிவபெருமானே! ஈந்த அந்த நாவு இந்த ஒரு முறையேனும் நேராகப் பேசத் துணை நின்றருள்க.

சென்ற மாதம் நாம் வாழும் இவ்வளைகுடா நகரின் கராமாவில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது ஊர் எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அறிமுகமில்லாத இளங்குரல்.

"நைனா பாய் மகன் பேசுறேன். ஜுபைல்ல வேல பாக்குறேன். வாப்பாவுக்கு முடியலைன்னு வந்தேன். முந்தாநாள் மௌத்தாயிட்டாக. வாப்பா போன்ல இருக்குற நம்பருக்கெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டு வர்றேன். உங்க பேரு 'வன்னி ஐயா'ன்னு இருக்கு. நீங்க யாருன்னு தெரியலயே ஐயா?"

"தெரிந்தவன்தான், தம்பி" என்றேன். ஆறுதலாக இரண்டு சொல் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். என் பேருந்து வந்து, நின்று, என்னை ஏற்றாமலே போயிற்று.

நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் குழுவினருக்கு நைனா பாயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. புதிதாய் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து தண்ணீர் டேங்கர் ஓட்ட இந்நாட்டுக்கு வந்தவர் அவர். பாலைவனப் பூங்கா ஒன்றுக்குத் தண்ணீர் கொண்டுபோய், அங்கிருந்த, பாலை நாடோடிகளான பதூ இனத்து முதிய ரேஞ்சரோடு ஓய்வு நேரமெல்லாம் நடந்து நடந்து, மணலில் பதிந்த தடங்களைப் படிக்கக் கற்றார். பிறகு அவருக்கே ரேஞ்சர் சட்டை கிடைத்தது. குளிர்மாத வெள்ளிக்கிழமைகளில் நம்மைப் போன்ற குடும்பங்களை அதிகாலையில் நடத்திச் சென்று, வண்டின் தடம் இது, பாம்பின் தடம் இது, ஓரிக்ஸ் மான் படுத்தெழுந்த பள்ளம் இது என்று காட்டுவார். எந்த மரத்தடியில் பதூக்கள் கூடி வழக்குத் தீர்த்தார்கள், பஞ்ச காலத்தில் எந்தத் தளிரைச் சோற்றோடு உண்டார்கள் என்பதையும் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார்.

முதல் நடையிலேயே நான் அவர் பேச்சை இடைமறித்தேன். பாலைத் திணைக்குரிய பறவை, பூ, பொழுது, பிரிவு என்று பழம்பாட்டின் இலக்கணத்தை மணல்மேட்டில் நின்று அரைமணி நேரம் விரித்துரைத்தேன். பாய் கைகட்டிக் கேட்டிருந்தார். முடிந்ததும், "ஐயா, உங்க பாலைக்குத் தண்ணி டேங்கர் யாரு ஓட்டுனது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் உடனே என் கையைப் பற்றிக்கொண்டு, "கோவிச்சுக்காதீக. நீங்க பாட்டுல கண்டீக, நான் டயர்ல கண்டேன். ரெண்டும் ஒரே மணலுதான்" என்றார். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றிருந்தது. பின்னால் நடந்ததற்கு அச்சுருக்கும் ஒரு காரணமோ என்று இன்று ஐயுறுகிறேன்.

அங்கே ஒரு முதிய காஃப் மரம் உண்டு. அரபியர் காஃப் என்று அழைப்பது நம் வன்னியே. விநாயகருக்குச் சாத்தும் பத்திரம். எத்தனையோ சிவாலயங்களின் தல விருட்சம். அதை அடையாளம் கண்ட நாளில் நான் மணலில் விழுந்து வணங்கினேன். பாய் மகிழ்ந்து போனார். "அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் வேண்டப்பட்ட மரம்னு சொல்லுங்க!" என்றார். அன்று முதல் நான் அவருக்கு 'வன்னி ஐயா' ஆனேன்.

ஒவ்வொரு நடைக்கும் முன்னால் வாயிலில் நிறுத்தி அவர் ஒன்றைச் சொல்வார். "ஒரு எலையக் கிள்ளாதீக. எதையும் வெச்சுட்டு வராதீக. நெருப்பு கூடவே கூடாது. வந்தபடி திரும்பிப் போகணும்." ஒரு முறையும் இதைச் சொல்லாமல் அவர் நடை தொடங்கியதில்லை.

விஜயதசமியை ஒட்டி வந்த வெள்ளிக்கிழமை அது. அன்றும் சொன்னார். என் தோள்பையில் இரண்டு அகலும் நெய்யும் திரியும் கற்பூரமும் இருந்தன. குழந்தை ஒன்றின் செருப்பு மணலில் புதைய, பாய் பின்தங்கி அதைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் வன்னியடியில் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, பதிகம் தொடங்கினேன். மணம் எட்டியதும் ஓடிவந்தார்.

"ஐயா, அமத்திருங்க ஐயா. வாசல்லயே சொன்னேன்ல?"

"பாய், உமக்கு இது மரம். எமக்கு மூர்த்தி" என்றேன்.

அவர் பதிகம் முடியும்வரை காத்திருந்து, "இப்பப் போதுமா ஐயா?" என்று கேட்டுவிட்டுத் தம் கையாலேயே விளக்கை மணலால் மூடினார். மற்றோர் அகலை அடிமரப் பொந்துக்குள், கருவறையில் வைப்பதுபோல் வைத்திருந்தேன். அது எரிந்துகொண்டிருந்தது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு விளக்கேனும் நிற்கட்டும் என்று எண்ணினேன்.

பொந்துக்குள் காய்ந்த நெற்றும் சருகும் கிடந்தன. நண்பகலில் புகை கண்டு அணைத்தார்கள். பாதி மரம் கருகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் பூங்கா மேலாளர் என்னை வரவழைத்தார். பாய் மேசையோரம் நின்றிருந்தார். "வேண்டுமென்றே செய்தீர்களா, அறியாமல் செய்தீர்களா? அறிந்தே செய்தீர்கள் என்றால் உங்கள் விசாவுக்குப் பொறுப்பான கஃபீலுக்குக் கடிதம் போகும்" என்று மேலாளர் உருதுவில் கூறிவிட்டு, "நெருப்பு கூடாது என்று இவர் உங்களிடம் சொன்னாரா?" என்று கேட்டார்.

வாய்மையைப் பற்றிய செய்யுள் எத்தனையோ எனக்கு மனப்பாடம். வாரந்தோறும் உங்கள் முன் அமர்ந்து பொருள் விரித்தவன் நான்.

"இல்லை. சொல்லவில்லை" என்றேன்.

அச்சம் மட்டுமே காரணமாய் இருந்திருந்தால் என்னை நான் ஒருவேளை மன்னித்திருப்பேன். டேங்கர் ஓட்ட வந்தவர் சொல்லை மீறிப் பிழை செய்தேன் என்று ஒப்புக்கொள்ள என் புலமை இடம் தரவில்லை. உண்மை அதுவே.

மேலாளர் அவர் பக்கம் திரும்பினார். பாய் என்னை ஒரு கணம் பார்த்தார். அப்பார்வையில் சினமில்லை, எதையோ தேடுவதுபோல் இருந்தது. பிறகு உருதுவில் சொன்னார்: "சாப், இவர் பெரியவர், வேதம் ஓதுகிறவர். பொய் சொல்ல மாட்டார். சொல்லவில்லை என்கிறார் என்றால், நான்தான் மறந்திருப்பேன்."

ரேஞ்சர் சட்டையைத் திரும்பக் கொடுத்துவிட்டு அவர் மீண்டும் டேங்கரில் ஏறினார். நான் விளக்கேற்றிய அந்த வெள்ளிக்கிழமை வாயிலில் நின்றிருந்த உங்களில் சிலர் அவர் குரலைக் கேட்டவர்கள். என்னிடம் நீங்கள் எதுவும் கேட்கவில்லை. மூத்தவன் என்ற மரியாதை. அந்த மரியாதையையும் நான் ஒளிந்துகொள்ளும் திரையாக்கிக்கொண்டேன்.

பின்பு ஒரே ஒரு முறை அவரைச் சந்தித்தேன். கராமா உணவகம் ஒன்றில் அவரே என் மேசைக்கு வந்து, "வன்னி ஐயா, சௌக்கியமா? ஒரு நல்ல சேதி. நம்ம மரம் கெழக்கால துளிர்த்திருச்சு. டேங்கர் தண்ணிதான் ஊத்துறேன்" என்றார். அழுது கால்பிடிக்க வேண்டியவன், "இறைவன் அருள்" என்று கூறிக் காப்பியைக் குடித்தேன். அவர் என்னைத் தேற்றிவிட்டுப் போனார்.

சாவுச் செய்தி வந்த மூன்றாம் நாள் அவர் மகனை நானே அழைத்தேன். மேலே எழுதியவை அனைத்தையும் சொன்னேன்.

"அப்ப வாப்பா மறக்கலையா?"

"மறக்கவில்லை தம்பி. சொன்னார். நான் கேட்டேன்."

"ஐயா, அந்த வேல போனதுக்கப்புறம் ஊருக்கு வந்தா வாப்பா எதையும் ரெண்டு வாட்டி சொல்லுவாக. சொல்லிட்டு, 'சொன்னேனாடா, சொன்னேனா?'ன்னு கேப்பாக. எனக்கு மறதி, நெருப்பையே சொல்ல மறந்தவன்னு உம்மாகிட்ட வருத்தப்படுவாக. கேஸ் அடுப்ப அணைச்சாச்சான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பாக. வயசாயிருச்சுன்னு நாங்க கேலி பண்ணுவோம்."

அவர் என்னைக் காக்கவே அன்று அப்படிச் சொன்னார் என்று இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தில் ஓர் ஆறுதல்கூட இருந்தது. அவர் என்னைக் காக்கவில்லை, நம்பினார். தம் நினைவைவிட என் சொல்லை நம்பினார்.

"மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை" என்றேன்.

"அது வாப்பாவுக்கும் உங்களுக்கும் உள்ளது ஐயா. நான் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இத ஒரு பேப்பர்ல எழுதி அனுப்புங்க. உம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்."

எழுதி அனுப்பினேன். அதையே உங்களுக்காகவும் எழுதுகிறேன். அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது ஒரு சாட்சியம். பூங்கா வாயிலில், காலை வெயிலில், கணீரென்ற குரலில், ஒரு சொல்லும் விடாமல் நைனா பாய் சொன்னார் என்பதே அது. கேட்பவர் அனைவரிடமும், கேளாதவரிடமும், உயிருள்ளவரை அதைச் சொல்வேன்.

இதை வாசிக்கும் உங்களுக்கும், உங்கள் மனையாளர்க்கும் மக்கட்கும் நோயற்ற வாழ்வும் நிறைந்த உணவும் உண்டாகுக. உங்களை நம்புகிறவர் உயிரோடிருக்கும் நாளிலேயே அவரிடம் உண்மை பேசும் துணிவை எம்பெருமான் உங்கள் இல்லத்தார் அனைவர்க்கும் அருள்க.