டிரை ஒயினும் டிரை மட்டனும்: ஹெப்பகோடியில் ஒரு ஞாயிறு மதியம்

போன மாதக் கடைசி சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெங்களூரில் ஒயின் ருசிக்கப் போயிருந்தேன். "உனக்கும் ஒயினுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு: ஒரு சம்பந்தமும் இல்லை. நான் போனது ஸ்டெல்லாவின் மூக்குக்காக.

ஸ்டெல்லா என் கல்லூரித் தோழி, கோலார் தங்கவயல்காரி. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பக்கத்தில் ஹெப்பகோடியில் வாடகை வீடு, தனி வாசம். வருடத் தொடக்கத்தில் வந்த காய்ச்சல் போகும்போது அவளுடைய மோப்ப சக்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கில் இனிப்பு, புளிப்பு தெரியும். மூக்குக்கு மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, இல்லாத கருகல் வாடை மட்டும் அவ்வப்போது வரும். சமையலறைக்கு ஓடிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. இரண்டு மாதம் முன்பு கேஸைச் சரியாக மூடாமல் விட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியதால் தப்பித்தாள். அன்றிலிருந்து அவள் அண்ணன் டேனியல் ஒரே பிடிவாதம். வீட்டைக் காலி பண்ணு, தங்கவயலுக்கு வா, தினமும் ரயிலில் வேலைக்குப் போய்க்கொள் என்று. ஞாயிறு மதியம் நேரில் வந்து முடிவு பண்ணுவதாகச் சொல்லிவிட்டார்.

பழகிய வாசனைகளை விடாமல் முகர்ந்து பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு ஜாடியில் போடும் திராட்சை ஒயினுக்குப் பதம் வந்துவிட்டதா என்று முகர்ந்து சொல்வது சின்ன வயதிலிருந்து ஸ்டெல்லாவின் வேலை. அதனால்தான் இந்த ஒயின் பயணம்.

கிருஷ்ணகிரியில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினேன். ஹெப்பகோடி அங்கிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். "ஹெப்பகோடி நிக்குமாண்ணே?" என்று கேட்டேன். "சர்வீஸ் ரோட்ல போனா நிக்கும், மெயின் ரோட்ல போனா நிக்காது. அத்திபெலே தாண்டினாதான் தெரியும்மா" என்றார் கண்டக்டர். ஓசூர் வரை பறந்த வண்டி, கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திபெலேயில் நத்தையாகிவிட்டது. எட்டரைக்கு இறங்கினேன். வார இறுதியில் போகிறவர்கள் அத்திபெலேக்கு அரைமணி நேரம் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்டெல்லாவோடு வேலை செய்யும் அன்வர் காரோடு தயாராக இருந்தான். சிவாஜிநகர்க்காரன். குடிக்க மாட்டான், ஆகவே அவனே எங்கள் டிரைவர். நகரத்தைக் குறுக்கே கடந்து வடக்கே தொட்டபள்ளாபுரம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். இரண்டரை மணி நேரம், அதில் பாதி சிக்னலில். ஆளுக்கு எண்ணூறு ரூபாய் கட்டினால் தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, ஐந்து வகை ஒயினை ஆளுக்கு இரண்டு மடக்கு தருகிறார்கள். வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

அங்கே விளக்கிய பெண் கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, நாவல்பழம், மிளகு, ஈரமண் என்று அடுக்கினாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் திராட்சைதான், அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஸ்டெல்லா ஐந்து கோப்பையையும் கண்ணை மூடி முகர்ந்தாள்.

"புளிப்பு இருக்கு, துவர்ப்பு இருக்கு. மத்ததெல்லாம் நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது" என்றாள்.



இனிப்பே இல்லாத ஒயினுக்கு டிரை என்று பெயர். அந்தச் சிவப்பு டிரைக்கு மட்டன் குழம்பு பொருந்தும் என்றாள் அந்தப் பெண். ஒரு பாட்டில் வாங்கினோம். இனிப்பான வெள்ளை ஒயின் ஒன்றும் கூடவே. காரிலேயே தூங்கிவிட்ட அன்வருக்கு ஸ்டெல்லா போனில் செய்தி அனுப்பினாள்: "நாளைக்கு மட்டன் உன் பொறுப்பு. டிரை ரெட்."

பெங்களூரில் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, "டிரையா, கிரேவியா?" அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனிடம் போய் டிரை என்றால்? மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் சிவாஜிநகரிலிருந்து பெரிய பொட்டலத்தோடு வந்தான். சொட்டுக் குழம்பு இல்லாமல் சுருளச் சுருள வறுத்த மட்டன், செக்கச்செவேல் என்று.

"குழம்பு எங்கடா?"

"டிரை ரெட்டுன்னு தானே போட்ட? கடைக்காரன் கிட்ட சண்டை போட்டு ரெட்டா கேட்டு வாங்கினேன் பா!"

சிரித்து எனக்கு வயிறு வலித்தது. டேனியல் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் முன்பே வந்து, கேஸ் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். மட்டனைச் சூடு பண்ண அன்வர் இரும்புச் சட்டியில் கொட்டிச் சிம்மில் வைத்துவிட்டு வந்தான். நான் சிவப்பை ஊற்றினேன். அண்ணன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "இனிப்பே இல்லயே. இதுக்குப் பேரு ஒயினா?" பிறகு கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தார்.

"உன்ன அடக்கி வைக்கணும்னு இல்ல, ஸ்டெல்லா. கேஸ் லீக் ஆனாக்கூடத் தெரியாதுன்னா எப்படிம்மா தனியா விடறது? ராத்திரி போன் அடிச்சாலே உனக்குத்தான் என்னவோன்னு தோணுது."

"பயமெல்லாம் நக்கோண்ணா" என்றான் அன்வர். வேண்டாம் என்பதற்கு அவன் வீட்டுச் சொல் அது. நான் கோப்பைக்குள் நாவல்பழத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா சட்டென்று தலையைத் தூக்கினாள். "ஏதோ கருகுது."

ஒருவரும் அசையவில்லை. அந்த இல்லாத வாடையைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் அப்பப்போ வருமே, விடுங்க" என்று குனிந்துகொண்டாள். அண்ணன் பெருமூச்சு விட்டார்.

இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது, என் மூக்குக்கும் வந்தது. "அய்யய்யோ, மட்டன்!" என்று அன்வர் ஓடினான். அடி முழுக்கக் கரி, சமையலறை முழுக்கப் புகை. குழம்பு இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் அடிபிடித்திருக்காது.

ஸ்டெல்லா வாசலில் நின்று அந்தப் புகையை இழுத்து இழுத்து முகர்ந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, புகையால் மட்டும் இல்லை. "உங்களுக்கும் வருதா? நிஜமா வருதா?" என்று எங்கள் ஒவ்வொருவரையும் கேட்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

அண்ணன் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தார். ஹாலுக்குப் போய், தான் தள்ளிவைத்த கோப்பையை எடுத்து வந்து தங்கை மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இதுல என்ன வாசனை வருது?"

அவள் முகர்ந்தாள். "கருகின மட்டன்தாண்ணா. வேற ஒண்ணும் வரல."

"அது போதும் இப்போதைக்கு" என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கேஸ் கசிஞ்சா கத்தற மெஷின் ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போறேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம். ஜாடிய நீ வந்துதான் திறக்கணும், நான் தொட மாட்டேன்" என்றார்.

கரியைச் சுரண்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டோம். ஒரு கருகலை வைத்து மூக்கு திரும்பிவிட்டது என்று சொல்லிவிட முடியாது, டாக்டரும் பொறுங்கள் என்றுதான் சொல்கிறார். ஆனாலும் அன்று அவள் சாப்பிட்ட மாதிரி இந்த வருடம் முழுக்கச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குடிக்காத நண்பர் ஒருவர் கூட வராவிட்டால் வாடகைக் கார் எடுங்கள். மிச்ச பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் திரும்பாதீர்கள், எல்லையில் வம்பு. மிளகாய் தூக்கலான கறிக்குத் துவர்ப்பான சிவப்பு ஒயின் சேராது, நாக்கு இன்னும் எரியும். குளிரவைத்த இனிப்பு வெள்ளைதான் அன்று அண்ணன் உட்பட எல்லோருக்கும் பிடித்தது.

டிரை ஒயினுக்கு டிரை மட்டன் பொருந்துமா என்றால், பொருந்தவே பொருந்தாது. கருக விட்டால் மட்டும் பொருந்தும்.