தோள் முதலில், நாடி பிறகு

மாக்கிரட் சிசிலித் தீவின் பலேர்மோவுக்கு வந்த முதல் மாதமே வேலையை இழந்திருக்க வேண்டியவள். இழக்காதது யார் செய்த புண்ணியமோ!

நகரின் சீசாப் பகுதியில், மூன்றாம் மாடியில், சினோரா நுன்சியாவின் வீட்டில் அவளுக்குச் சமையலும் துப்புரவும். முதல் நாள் "கோழி வாங்கட்டா?" என்று தெரிந்த நாலு இத்தாலியச் சொல்லை வைத்துக் கேட்டாள். சினோரா வாயைத் திறக்கவில்லை. முகவாய் நாடியை வெடுக்கென்று மேலே தூக்கி, நாக்கால் 'ச்சு' என்றார். மன்னார்ப் பேசாலையில் பிறந்தவளுக்கு நாடியைத் தூக்கினால் 'என்ன?' என்றுதான் அர்த்தம். பாவம், மனுசிக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, "கோழி! கோழி!" என்று கத்தினாள். நாடி இன்னும் உயரப் போனது. மூன்றாம் தரம் இரண்டு கையையும் சிறகடித்தே காட்டிவிட்டாள். சிசிலியில் நாடியைத் தூக்கினால் 'வேண்டாம்' என்று பொருள் என்பதை அவளுக்கு யார் சொன்னது?

மறுபக்கம் இதைவிட மோசம். "கோப்பி போட்டாச்சா?" என்று சினோரா கேட்டால் மாக்கிரட் நம்மவர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவாள். சினோரா அதை 'இல்லை' என்று எடுத்து, முணுமுணுத்துக்கொண்டு தானே போய் இன்னொன்று போடுவார். அந்த மாதம் அந்த வீட்டில் கோப்பி ஆறாய் ஓடியது. கடைசியில், "தலையை விடு, வாயால சொல்லு!" என்று கட்டளை பிறந்தது. அவளுக்கோ அவசரத்தில் ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்று தமிழ்தான் வரும். சினோரா படித்த ஒரே தமிழ்ச் சொல் அது.

இதெல்லாம் பதினாலு வருடத்துக்கு முந்திய கூத்து. இப்போது சினோராவுக்கு எண்பத்து நாலு. கண் பார்வை போய்விட்டது என்றே சொல்லலாம், பிடிவாதம் மட்டும் நல்ல சுகத்தோடு இருக்கிறது. தூரினில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய சக்கர நாற்காலியில் மாக்கிரட் துவாய் காயப்போடுகிறாள். "நாற்காலியைக் கொண்டு வரட்டா?" என்று கேட்டால் போதும். சினோராவின் வலது தோள் முதலில் மேலே போகும், கண் இரண்டும் மூடும், அதற்குப் பிறகுதான் நாடி. வீட்டில் கணவன் பீலிக்சுக்கு அதை அப்படியே நடித்துக் காட்டி, இரண்டு பேரும் வயிறு நோகச் சிரிப்பார்கள்.

இந்த வசந்தத்தில் மகள் டேப்லெட் ஒன்றில் ஒரு படத்தை ஏற்றி அனுப்பினாள். பதினொரு நிமிடம், கறுப்பு வெள்ளை, சத்தம் கிடையாது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தைந்து ஏப்ரலில் ஜெர்மனியில் ஒரு சிறைமுகாமை ஆங்கிலேயப் படை திறந்தபோது, படையின் கமராக்காரர்கள் எடுத்தது. சினோராவின் தகப்பன் ரொசாரியோ இத்தாலியச் சிப்பாய். சினோராவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, இத்தாலி ஜெர்மனியோடு கூட்டை முறித்ததும், ஜெர்மன்காரர் பிடித்து அந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நாற்பத்தைந்து ஜனவரியிலேயே, முகாம் திறக்க முன்னமே, உள்ளே இறந்துவிட்டார் என்று ஒரு கடதாசி மட்டும் வந்தது. தாய் சாகும்வரை அதை நம்பவில்லை.

"உள்ள செத்தாரா, வாசலைத் தாண்டினாரா? பிறகு எங்க செத்தாலும் சரி, அது தெரிஞ்சால் எனக்குப் போதும்," என்றார் சினோரா. "என்ர கண் உதவாது. நீ பாத்துச் சொல்லு, மார்கெரீத்தா." அந்த ஊரில் மாக்கிரட்டுக்கு அதுதான் பெயர். கீழே பீட்சாக்கடைக்காரன் வேறு ஒவ்வொரு நாளும், "மார்கெரீத்தா ஒண்டு நடந்து போகுது!" என்று கூவித் தொலைப்பான்.

படத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. குழிகள். வரிசையாய்க் கிடத்திய உடல்கள். மாக்கிரட் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இப்ப என்ன தெரியுது?"

"செத்த ஆக்கள், சினோரா. கனபேர். ஏன்தான் இதையெல்லாம் படம் எடுத்தவங்களோ."

"பிறகு ஒருத்தனும் 'நடக்கேல்லை' எண்டு சொல்லக்கூடாதெண்டுதான். நீ வடிவாப் பார்."

பார்த்தாள். உயிரோடு நின்றவர்கள் எல்லோருக்கும் ஒரே முகம்: மழித்த தலை, குழிவிழுந்த கண். கையில் இருந்த கலியாணப் படத்தில் ரொசாரியோ உப்பிய கன்னமும் மீசையுமாக நின்றார். நாலு பின்னேரம் தேடியும் பயனில்லை.

"ஆராவது ஒரு மெலிஞ்ச மனுசனைக் காட்டி, இவர்தான் எண்டு சொல்லிவிடன். மனுசி நிம்மதியாக் கண்ணை மூடட்டும்," என்றான் பீலிக்ஸ்.

"விசர்க்கதை கதையாதேங்கோ!" என்று அவள் பாய்ந்த பாய்ச்சலில் அவன் சோற்றுக் கோப்பையோடு எழும்பிவிட்டான்.

அவளுக்கு அந்த வலி தெரியும். அவளுடைய தம்பி றொஜர் இரண்டாயிரத்து ஒன்பதில், ஊரில் போர் முடிந்த நாட்களில், காணாமற் போனவன். சனம் முகாமுக்குள் போகிற வீடியோவில் நீலச் சேட்டோடு நிற்பது அவன்தான் என்று யாரோ நல்ல மனதோடு சொன்னார்கள். அம்மா அந்த நீலச் சேட்டுக்கு ஆறு வருடம் பூசை ஒப்புக்கொடுத்தா. பிறகு நீலச் சேட்டுக்காரனின் கலியாண வீடியோ லண்டனிலிருந்து வந்தது. அவன் வேறு யாரோ. அம்மா அன்றைக்கு இரண்டாம் தரம் மகனைத் தொலைத்தா. தெரியாததைத் தெரியும் என்று சொல்வதில்லை என்று மாக்கிரட் அன்றைக்கே சத்தியம் பண்ணியிருந்தாள்.

ஐந்தாம் நாள் அவள் முகங்களைத் தேடுவதை விட்டுவிட்டாள். போஞ்சி நறுக்கிக்கொண்டு படத்தைச் சும்மா ஓடவிட்டாள். ஒன்பதாம் நிமிடத்தில் முகாம் வாசல். எலும்பும் தோலுமான ஒருவர் முன்னால் இரண்டு சிப்பாய்கள் ஸ்ரெச்சரை விரிக்கிறார்கள். அவருடைய வலது தோள் மேலே போனது. கண் மூடியது. நாடி வெடுக்கென்று எழுந்தது.

போஞ்சி முழுக்கத் தரையில்.

உடனே சொல்லிவிட்டாளா? இல்லை. சிசிலியில் எல்லோரும்தான் நாடியைத் தூக்குகிறார்கள், தோளையும் தூக்கினால்? சனிக்கிழமை காலை பல்லரோச் சந்தைக்குப் போய், கடை கடையாக நின்று, எல்லாவற்றையும் பாதி விலைக்குக் கேட்டாள். மீன்காரன், ஒலிவ்காரன், கத்தரிக்காய் விற்ற கிழவி, எல்லோரும் நாடியை வெட்டித் தூக்கினார்கள். ஒருவன் கத்தியையும் காட்டினான். அவள் கண் மட்டும் தோள்களிலேயே இருந்தது. இருபத்து மூன்று 'இல்லை' வாங்கினாள். ஒரு தோள்கூட அசையவில்லை. ஒரு முள்ளங்கிகூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

சினோரா யன்னலோரம் இருந்தார். மாக்கிரட் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"சினோரா, சக்கர நாற்காலியைக் கொண்டு வரட்டா?"

தோள். கண். நாடி. "ச்சு!"

"அசையாதேங்கோ! அப்பிடியே இருங்கோ!" தூக்கிய தோளின்மேல் சினோராவின் கையையே எடுத்து வைத்தாள். "வாசலில ஒருத்தர் நிக்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டு போக ரெண்டு பேர் வந்திருக்கினம். அவர் இதைத்தான் செய்யிறார். தோள் முதல், பிறகு கண், பிறகு நாடி. நான் சந்தை முழுக்கப் பாத்திட்டன், இந்த ஊரில வேற ஒருத்தரும் இப்பிடிச் செய்யிறேல்லை. நீங்களும் அவரும்தான்."

தான் அப்படிச் செய்வது சினோராவுக்கே தெரியாது. தோளை இறக்கினார். மெல்ல மறுபடி தூக்கிப் பார்த்தார். தகப்பனின் முகமே நினைவில்லாத மகள், தன் தோளைத் தானே தடவிக்கொண்டு இருந்தார்.

"ஸ்ரெச்சரில ஏறினாரா?"

"இல்லை. நடந்தவர்."

"வாசலைத் தாண்டினவரா?"

மாக்கிரட் வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது. தலையைத்தான் ஆட்ட முடிந்தது. அதைக் காணச் சினோராவுக்குக் கண் இல்லை. அவரது இரண்டு கையையும் பிடித்துத் தன் கன்னங்களில் வைத்து, இரண்டு பக்கமும் ஆட்டினாள்.

அந்தக் கைகள் கொஞ்ச நேரம் அவளது தலையோடு சேர்ந்து ஆடின.

"ஓம்," என்றார் சினோரா நுன்சியா.